கொண்டைக்கேற்ற ஹெல்மெட்

"சைக்கிளுக்குமா?" என்று கேட்டாள் மாதேஸ்வரி.

"சைக்கிளுக்குந்தாம்மா" என்றார் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கும் வெங்கடப்பன். அவள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளின் முன்கூடையைப் பார்த்துப் பேசினார். "தலையில ஹெல்மெட் இல்லாம உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு."

"பைக்குல வர்றவங்களுக்குன்னுதானே மீட்டிங்ல சொன்னாங்க?"

"மீட்டிங்ல எல்லாத்தையுமா சொல்லுவாங்க? சைக்கிள்லேர்ந்து விழுந்தாலும் தலை தலைதானே."

பக்கத்தில் பைக்குகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஓசூர் சிப்காட்டில் இருந்த அந்த ரப்பர் கம்பெனியில் பாதிப் பேர் பைக்கில் வருவார்கள், மீதிப் பேர் கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நிற்பது இரண்டே சைக்கிள்தான். ஒன்று மாதேஸ்வரியுடையது. இன்னொன்று கேரியர் வைத்த பழைய கறுப்பு சைக்கிள். அவள் காலையில் வரும்போதும் அது நிற்கும், சாயங்காலம் போகும்போதும் நிற்கும். அது யாருடையது என்று அவள் யோசித்ததே இல்லை. பேக்கிங் செக்ஷனில் நாள் முழுக்க நின்று அட்டைப்பெட்டி ஒட்டுகிறவளுக்கு யோசிக்க வேறு எவ்வளவோ இருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் வெளிய மரத்தடியில நிறுத்திட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் வெங்கடப்பன், ஏதோ பெரிய மனது பண்ணுகிறவர் போல.

அன்று சாயங்காலம் பாகலூர் வீட்டில் விஷயத்தைக் கேட்ட அவள் கணவன் சென்றாயன், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டான். ரோஜாப் பூ ஏற்றும் சின்ன லாரியின் டிரைவர் அவன். வளைவில் எதிரே யார் வருகிறார் என்று பார்க்காமல் திருப்புவது அவனுக்குப் பழக்கம்.

"நல்லதாப் போச்சு. பஸ்ஸுல போ. பேரிகையில இருக்கற என் தங்கச்சி ரொம்ப நாளா சைக்கிள் கேட்டுட்டிருக்கா. அவளுக்குக் குடுத்துரலாம்."

"குடுக்க மாட்டேன்."

"ஹெல்மெட் போட்டுக்கிட்டு சைக்கிள் ஓட்டுவியா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவங்க பல்லு, அவங்க வாய்."

சென்றாயன் தட்டை நகர்த்தினான். "சரி, திங்கட்கிழமை வரைக்கும் பாரு. அன்னிக்கு ஹெல்மெட்டோட சைக்கிள் கேட்டுக்குள்ள போச்சுன்னா உன்னோடது. இல்லைன்னா சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்காரன் வண்டியோட வந்து ஏத்திக்கிட்டுப் போயிருவான். நான் சொல்லிட்டேன்."

மாதேஸ்வரிக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நின்றது. கல்யாணமான நாளிலிருந்து யாராவது ஒருவருக்குப் பின்னால் உட்கார்ந்தே போய்க்கொண்டிருந்தவள் அவள். பைக்கில் கணவனுக்குப் பின்னால், பஸ்ஸில் கூட்டத்துக்குப் பின்னால். கம்பெனி பஸ் ஊர் ஊராகச் சுற்றி அவளைக் கடைசியில் இறக்கிவிடும். தன் சம்பளத்தில் இந்த சைக்கிளை வாங்கிய பிறகுதான் அவள் முதல்முறையாக முன்னால் உட்கார்ந்தாள். எங்கே திரும்புவது, எங்கே நின்று கொத்தமல்லி வாங்குவது என்பதெல்லாம் அவள் இஷ்டம். அதைக் கேட்டில் நிற்கும் ஒரு மனிதரும் வீட்டில் உட்காரும் ஒரு மனிதரும் சேர்ந்து பிடுங்கிக்கொள்வதா?

மறுநாள் காலை சென்றாயனின் ஹெல்மெட்டையே எடுத்துத் தலையில் கவிழ்த்தாள். முகத்தை முழுசாக மூடும் பெரிய ஹெல்மெட். அது அவன் தலையில் இருந்ததைவிட முழங்கையில் தொங்கிய நேரம்தான் அதிகம். போலீஸ் நிற்கும் இடம் தெரிந்தால் மட்டும் கையிலிருந்து தலைக்கு ஏறும்.

பாகலூர் ரோட்டில் கால்வாசி தூரம் வந்ததும் மூச்சுக்காற்றில் முன்கண்ணாடி புகைமூட்டமாகிவிட்டது. கண்ணாடியைத் தூக்கினால் ஹெல்மெட் பின்னால் சரிந்தது. இறக்கினால் ரோடு மறைந்தது. காதில் அவள் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் விழவில்லை. உலகமே இன்று அமைதியாக இருக்கிறது என்று நினைத்து, ரோட்டின் நடுவில் நிம்மதியாக மிதித்துக்கொண்டு போனாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு கிரானைட் லாரி, அதன் பின்னால் இரண்டு கம்பெனி பஸ், ஒரு தக்காளி வேன், ஏகப்பட்ட பைக்குகள். எல்லாரும் ஹாரனை அழுத்திப் பிடித்திருந்தார்கள். கடைசியில் லாரி டிரைவர் பக்கவாட்டில் வந்து கன்னடத்தில் கத்தினார்: "ஏனம்மா, கிவி கேள்சல்வா?"

காது கேட்கவில்லையா என்று அவர் கேட்டதும் அவளுக்குக் கேட்கவில்லை. யாரோ வழி கேட்கிறார்கள் என்று நினைத்து, ஓசூர் இருக்கும் திசையில் கையைக் காட்டினாள்.

அன்று கம்பெனி பஸ் இரண்டும் லேட். கேட்டில் இறங்கிய ஒவ்வொருவரும் அவளை முறைத்துவிட்டுப் போனார்கள்.

வெங்கடப்பன் தலையை ஆட்டினார். "இது ஆகாதும்மா. முகமே தெரியலை. கேமராவுல முகம் தெரியணும்."

"நேத்து ஹெல்மெட் வேணும்னீங்க. இன்னிக்கு முகம் வேணுங்கறீங்க."

"சைக்கிளுக்குன்னே தனியா ஹெல்மெட் இருக்கும்மா. லேசா இருக்கும். காத்து போக மேல சந்து சந்தா விட்டிருப்பாங்க. தாடைக்கடியில வார், வாருக்கும் தாடைக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையணும். பின்னாடி ஒரு திருகு இருக்கும், திருகினா தலைக்குச் சரியாப் பிடிக்கும்."

உத்தரவு போட்டவர்கள் இவ்வளவு விவரமாகப் போட்டிருக்கிறார்களே என்று மாதேஸ்வரி பல்லைக் கடித்தாள். ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை. உள்ளே அவள் கொண்டை நன்றாகச் சிக்கிக்கொண்டிருந்தது. பேக்கிங் பெண்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்து எடுத்தார்கள். கூடவே கனகாம்பரமும் ஒரு ஜிமிக்கியும் வந்தன.

சைக்கிள் அன்றும் மரத்தடியில்தான் நின்றது.

அடுத்து அவளுக்குத் தோன்றியது பார்க்கப் போனால் நல்ல யோசனைதான். கம்பெனியே அவளுக்கு ஒரு மஞ்சள் ஹெல்மெட் கொடுத்திருக்கிறது. அதையே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், அதையே போட்டுக்கொண்டு வந்தால் யார் என்ன சொல்ல முடியும்?

அந்தக் கம்பெனியில் ஹெல்மெட்தான் ஆளுக்கு அடையாளம். மஞ்சள் என்றால் வேலையாட்கள், நீலம் என்றால் எலக்ட்ரீஷியன், பச்சை என்றால் பாதுகாப்பு அதிகாரி, வெள்ளை என்றால் மேனேஜர்களும் வெளியிலிருந்து வரும் பெரிய மனிதர்களும். யாரும் யார் முகத்தையும் முதலில் பார்ப்பதில்லை. தலையைப் பார்த்து, கலரைப் பார்த்து, அதற்குத் தக்கபடி வணக்கம் வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். வருடக்கணக்காகப் பழகிய பழக்கம்.

சாயங்காலம் மஞ்சள் ஹெல்மெட்டோடு கேட்டைத் தாண்டப் போனவளை வெங்கடப்பன் மறித்தார்.

"கம்பெனிப் பொருள் வெளிய போகக்கூடாதும்மா."

"கையிலயா கொண்டு போறேன்? என் தலையிலதானே இருக்கு?"

"தலை உங்களோடது. மேல இருக்கறது கம்பெனியோடது."

பேச்சு வளர்ந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே வந்தார் எச்.ஆர். பிரகாஷ். கம்பெனிக்குப் புதுசு. ஹெல்மெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, அதனிடமே பேசுவது போல நீளமாகப் பேசினார். "இது கம்பெனி அசெட். இதை எடுத்துட்டுப் போறது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா? இன்னொரு தடவை நடந்தா மெமோதான்." பேசி முடிக்கும்வரை அவர் ஹெல்மெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரும்பிப் போகும்போதும் அவளைப் பார்க்கவில்லை.

உள்ளே விட மறுத்தார்கள், இப்போது திருட்டுப் பட்டமும் கட்டிவிட்டார்கள். வீடு போகும் வழியெல்லாம் மாதேஸ்வரி பெடலை அல்ல, அந்த இரண்டு பேரையும்தான் மிதித்தாள். இனி இந்த சைக்கிள் கேட்டுக்குள் போகாமல் தான் ஓயப்போவதில்லை என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் பெரிய சைக்கிள் கடை ஒன்றுக்குள் நுழைந்தாள். பெங்களூர்க்காரர்கள் இறுக்கமான டவுசர் போட்டுக்கொண்டு வந்து வாங்கும் கடை. சைக்கிள்கள் சுவரில் தொங்கின. விற்பனையாளன் ஹரீஷ்குமார் அவளுடைய புடவையையும் செருப்பையும் பார்த்துவிட்டு, "யாருக்கு மேடம் வேணும்?" என்றான்.

"எனக்குத்தான்."

"என்ன சைக்கிள் வெச்சிருக்கீங்க? ரோட் பைக்கா, மவுன்டன் பைக்கா?"

"லேடீஸ் சைக்கிள். முன்னாடி கூடை இருக்கு."

"வீக்கெண்ட் ரைடரா மேடம்?"

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. மத்த நாளெல்லாம் ஓட்டறேன். பாகலூர்லேர்ந்து சிப்காட்டு."

அவன் ஒரு டேப்பை எடுத்து அவள் நெற்றியைச் சுற்றி அளந்தான். ஹெல்மெட் ஒவ்வொன்றாக வந்தது. ஒன்று முன்னால் கூர்மையாக, கொத்த வரும் பறவை மாதிரி இருந்தது. இன்னொன்றில் நெருப்புப் படம் போட்டிருந்தது. தினமும் கரி அடுப்பா மூட்டப் போகிறோம் என்று அதைத் தள்ளிவைத்தாள். எதைப் போட்டாலும் கொண்டை இடித்தது. ஹெல்மெட் தலையில் உட்காராமல் கொண்டையின் மேல் உட்கார்ந்தது.

"மேடம், கொண்டையை மட்டும் அவுத்துட்டீங்கன்னா எல்லாமே ஃபிட் ஆகும்."

"தினமும் பேக்கிங்ல மெஷினுக்குப் பக்கத்துல நிக்கறேன். முடியை அவுத்து விட முடியாது. தலைக்கு ஏத்த மாதிரி ஹெல்மெட் காட்டுங்க. ஹெல்மெட்டுக்கு ஏத்த மாதிரி தலை கொண்டு வர என்னால முடியாது."

ஹரீஷ்குமார் தோற்றுப்போய் உள்ளே போனான். பெட்டிகளைக் கலைக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு ஹெல்மெட்டோடு வந்தான். அதன் பின்பக்கம் கீழே அகலமாக இடம் விட்டிருந்தது. மாதேஸ்வரி கொண்டையைக் கொஞ்சம் கீழிறக்கிப் போட்டாள். ஹெல்மெட் தலையில் உட்கார்ந்தது, கொண்டை அதற்குக் கீழே சௌகரியமாக வெளியே உட்கார்ந்தது. திருகைத் திருகினாள். வாருக்கடியில் இரண்டு விரல் நுழைத்துப் பார்த்தாள். தலையைப் பலமாக ஆட்டினாள். அசையவில்லை. பக்கத்தில் ஒரு மணி அடித்தது, அதுவும் தெளிவாகக் கேட்டது.

"நீலத்துல இருக்கா? என் சைக்கிள் நீலம்."

"இந்த மாடல்ல நீலம் ஒண்ணே ஒண்ணு வந்துச்சு மேடம். ஒரு பொண்ணு அவங்க அப்பாவுக்குன்னு வாங்கிட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. இப்ப வெள்ளை மட்டுந்தான்."

"வெயிலுக்கு வெள்ளைதான் நல்லது" என்று சொல்லி, விலையைக் கேட்டு, கேட்டதை உடனே மறந்துவிட முயன்றாள்.

திங்கட்கிழமை காலை ஓசூருக்கே உரிய சாரல். யூனிஃபார்முக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் வெள்ளை ஹெல்மெட், கீழே கொண்டையில் புதுக் கனகாம்பரம். பாகலூர் டீக்கடையில் நான்கு பேர் சிரித்தார்கள். அவள் மணியை அடித்து அவர்களுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனாள்.

கம்பெனி கேட்டில் அன்று கோலம் போட்டிருந்தது. பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கஸ்டமரின் ஆட்கள் பார்வையிட வந்திருந்தார்கள். வேனிலிருந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் வெள்ளை ஹெல்மெட் கொடுத்துக்கொண்டிருந்தார் பிரகாஷ். கையில் ரோஜாப் பூங்கொத்துகள்.

மாதேஸ்வரியைப் பார்த்த வெங்கடப்பனின் முகம் மலர்ந்துபோயிற்று. அவள் தலையை முன்னாலும் பின்னாலும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் அடித்து, கேட்டை முழுசாகத் திறந்துவிட்டார்.

செக்யூரிட்டி சல்யூட் அடிக்கிறார், தலையில் வெள்ளை ஹெல்மெட். பிரகாஷுக்கு இது போதும். ஓடிவந்து பூங்கொத்தை அவள் கையில் திணித்தார்.

"வெல்கம் மேடம். பெங்களூர்லேர்ந்து சைக்கிள்லயேவா வந்தீங்க?"

"இல்லீங்க, பாகலூர்லேர்ந்து."

"ஓ, அங்க ஸ்டே பண்ணியிருந்தீங்களா?"

"ஆமாங்க. இருபது வருஷமா."

பிரகாஷ் விழுந்து விழுந்து சிரித்தார். பெரிய இடத்து ஆட்கள் சொல்லும் எதற்கும் சிரித்து வைப்பது நல்லது என்று அவருக்குத் தெரியும்.

"நான் பேக்கிங்குக்குப் போகணுங்க" என்றாள் மாதேஸ்வரி.

"கண்டிப்பா மேடம். பேக்கிங்கும் காட்டறோம். முதல்ல டீ."

பெங்களூர்க் குழுவின் தலைவி சௌமியா அவளைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தாள். சைக்கிளில் வரும் இந்தக் கம்பெனி அதிகாரி எவ்வளவு எளிமையானவர் என்று அவள் நினைத்தாள். ஆக, அந்தப் பக்கத்து ஆள் என்று இவர்களும், இவர்கள் ஆள் என்று அந்தப் பக்கமும் நினைத்து, மாதேஸ்வரியை நடுவில் விட்டு மாடிக்கு அழைத்துப் போனார்கள். சைக்கிள் உள்ளே வந்துவிட்டது. பந்தயத்தில் ஜெயித்தாயிற்று. இனி கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகலாம் என்று அவளுக்கு ஒரு தெம்பு வந்திருந்தது.

மாடி ஹாலில் ஏ.சி. இருந்தது. முந்திரி பிஸ்கட் இருந்தது. ஃபேக்டரி மேனேஜர் பாஸ்கரன் திரையில் படம் காட்டி வெகுநேரம் பேசிவிட்டு, "குறை ஏதாவது இருந்தா தாராளமா சொல்லலாம்" என்றார், யாரும் சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்.

சௌமியா மாதேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

மாதேஸ்வரி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். இதுவரை அவளிடம் யாரும் கேட்டதே இல்லாத கேள்வி. கேட்டபிறகு சும்மா இருக்க அவளால் முடியாது.

"சைக்கிள் நிறுத்தற இடத்துல கூரை இல்லை. மழையில சீட்டு ஊறிப்போகுது. லேடீஸ் டாய்லெட்ல ரெண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். பேக்கிங்ல காத்தாடி சுத்தறது மேனேஜர் வரும்போது மட்டுந்தான்."

சௌமியா மடமடவென்று எழுதிக்கொண்டாள்.

பாஸ்கரன் குனிந்து பிரகாஷின் காதில், "யாருய்யா இவங்க?" என்றார்.

"கஸ்டமர் சைடு சார். ரொம்ப ஸ்ட்ரிக்ட். வரும்போதே டாய்லெட் பாத்துட்டாங்க போலிருக்கு."

"எல்லாத்தையும் இந்த வாரத்துலயே செஞ்சிடறோம் மேடம்" என்று பாஸ்கரன் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு பேக்கிங் சூப்பர்வைசர் ஆனந்தராஜ் உள்ளே வந்தார். கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்துவிட்டு, நம்ப முடியாமல் மூன்று முறை கடந்து போய், கடைசியில் துணிந்தவர்.

"மாதேஸ்வரி, அங்க ஆள் இல்லாம லைன் நிக்குது. நீ இங்க உக்காந்து பிஸ்கட் தின்னுட்டிருக்கியா?"

பிரகாஷின் கண்கள் அவள் தலையிலிருந்து முதல்முறையாகக் கீழே இறங்கி முகத்துக்கு வந்தன. அங்கிருந்து ஸ்வெட்டருக்கு அடியில் தெரிந்த யூனிஃபார்முக்குப் போயின.

மாதேஸ்வரி எழுந்தாள். "நான் அப்பவே சொன்னேங்க, பேக்கிங்குக்குப் போகணும்னு."

சௌமியாதான் முதலில் சிரித்தாள். "சார், இவங்க உங்க வொர்க்கரா? சைக்கிளுக்கே ஹெல்மெட் போட வெச்சிருக்கீங்க, எங்க கம்பெனியில கூட அப்படி ஒரு ரூல் இல்லை. ரொம்ப சந்தோஷம்."

"அது எங்க பாலிசி மேடம்" என்று பாஸ்கரன் நெஞ்சை நிமிர்த்தினார். விருந்தாளிகள் வெளியே போகும்வரை நிமிர்த்தியே வைத்திருந்தார். பிறகு பிரகாஷிடம் கேட்டார்: "சைக்கிளுக்கு எப்பய்யா ரூல் போட்டோம்?"

"நான் போடலை சார். பைக்குக்கு மட்டுந்தான் சொன்னேன். இது நீங்க போட்டதுன்னு நெனச்சேன்."

"நான் எதுக்குய்யா போடறேன்?"

ஹால் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்த மாதேஸ்வரியின் காதில் இது விழுந்தது. புது ஹெல்மெட் காதை மறைப்பதில்லை.

சாயங்காலம் மணி அடித்ததும் முதல் காரியமாகக் கணவனுக்குப் போன் போட்டாள். "உங்க தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட வண்டி வேணாம்னு சொல்லிடுங்க. காபி வேணும்னா வந்து குடிச்சிட்டுப் போகட்டும்." அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

அடுத்த காரியம் கேட்டில் இருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் வெங்கடப்பனின் அறை வாசலில் குறுக்கே நிறுத்தினாள். முன்சக்கரம் அவர் காலை இடித்தது.

"அண்ணா, சைக்கிளுக்கு ரூலே இல்லையாமே? எச்.ஆரும் போடலை, மேனேஜரும் போடலை. ரோட்டுல லாரிக்காரன்கிட்ட திட்டு வாங்கினேன். ஜிமிக்கி வளைஞ்சு போச்சு. திருடிங்கற பேரும் வாங்கினேன். யாரைக் கேட்டு என்னை இந்தப் பாடு படுத்துனீங்க? பதில் சொல்லாம இந்த சைக்கிள் இங்கேர்ந்து நகராது."

வெளியே போக வந்த பைக்குகள் பின்னால் வரிசை கட்டி நின்றன. யாரோ ஹாரன் அடித்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஷிப்ட் ஆள் வந்துவிட்டதால் வெங்கடப்பனும் கிளம்பும் நேரம். அறைக்குள் குனிந்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்தார். உள்ளே நீல நிறத்தில் ஒரு சைக்கிள் ஹெல்மெட். கடையின் சீட்டுகூட இன்னும் பிய்க்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தலையில் வைத்து, வாருக்கடியில் இரண்டு விரல் நுழைத்துச் சரிபார்த்தார். சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் போய், அந்தப் பழைய கறுப்பு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நிறுத்தினார்.

"எம்மவ வாங்கிக் குடுத்து, போட்டுத்தான் ஓட்டணும்னு சத்தியம் வாங்கிட்டாம்மா. இங்க சைக்கிள்ல வர்றது நாம ரெண்டே பேரு, ஒத்தையா போட்டுக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு."